ஒச்சப்பனும் மற்றவர்களும்

1

போன வாரம் என் மகனின் வகுப்பில் பிள்ளைகள் எல்லோரும் அவரவர் குடும்பப் பெயரைக் கணினியில் தட்டித் தேடியிருக்கிறார்கள். ஒருத்தி பெயருக்கு ரொட்டிக்கடை வந்ததாம். இன்னொருவன் பெயருக்குப் பனிச்சறுக்கு வீரர் வந்தாராம். என் மகன் பெயருக்கு ஒரு விஞ்ஞானக் கட்டுரையும், அதற்குக் கீழேயே அதன் திருத்தமும் வந்திருக்கின்றன. வீட்டுக்குள் நுழைந்தவன் காலணியைக்கூடக் கழற்றாமல் ஜெர்மன் மொழியில் கேட்டான்:

"அப்பா, ஒச்சப்பன் என்று ஒரு விஞ்ஞானி இருந்தாரா? அவர் என்ன தப்பு செய்தார்?"

ஒச்சப்பன் அவனுடைய தாத்தா, என் அப்பா. நான் அவரை ஐயா என்று கூப்பிடுவேன். உசிலம்பட்டிக்கும் எழுமலைக்கும் நடுவில் மானாவாரி நிலத்தில் சோளம் விதைத்து, மாடு வளர்த்து வாழ்கிறவர். மைக்ராஸ்கோப் என்ற சாமானை அவர் கண்ணால் பார்த்தது கிடையாது.

"அவர் ஒரு தப்பும் செய்யவில்லை" என்று தமிழில் சொன்னேன். "ஆ, அப்படியா" என்று ஜெர்மனில் சொல்லிவிட்டு அவன் கால்பந்து பார்க்கப் போய்விட்டான். விளக்கம் கேட்கிற வயது அவனுக்கு வந்துவிட்டது, பதிலை முழுவதும் கேட்கிற வயது இன்னும் வரவில்லை. சொல்ல வந்த கதை தொண்டையில் நின்றுவிட்டது. ஊரில் இருக்கும் உங்களிடம் சொல்கிறேன். உங்களுக்குத் தமிழாவது புரியும்.

2

எல்லாம் பேரில் ஆரம்பித்தது. எனக்கு வைத்த பேர் தவமணி. ஊரில் ஒ. தவமணி. பள்ளிக்கூடத்திலிருந்து கல்லூரி வரை அந்த 'ஒ'வை யாரும் விரித்துக் கேட்டதில்லை. தொண்ணூறுகளில் தெற்கு ஜெர்மனியில் ஆராய்ச்சி வேலை கிடைத்து, மதுரையில் பாஸ்போர்ட்டுக்கு மனுப் போட்டபோது, குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம் இருந்தது. ஏஜெண்ட் அவசரப்படுத்தினார்.

"அப்பா பேர எழுதுங்கண்ணே. எல்லாரும் அதான் எழுதுறாய்ங்க."

எழுதினேன். ஜெர்மனி போய் இறங்கி, குடியேறியதைப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போனால், அங்கே இருந்த அம்மாள் "வாருங்கள், திரு. ஓஹாப்பன்" என்றார். பாஸ்போர்ட்டில் இருந்த 'ch' அவர்கள் தொண்டையில் அப்படித்தான் வரும்.

"அது என் அப்பா. நான் தவமணி" என்றேன்.

"உங்கள் அப்பாவும் ஓஹாப்பன், நீங்களும் ஓஹாப்பன். குடும்பம் என்றால் அப்படித்தானே?"

"இல்லை. அவர் மட்டும்தான் ஒச்சப்பன்."

"அப்படியானால் உங்கள் தாத்தா?"

"அவர் பேர் மாயாண்டி."

அந்த அம்மாள் பேனாவைக் கீழே வைத்தார். "ஒரு குடும்பத்தில் யாருக்கும் பொதுவாக ஒரு பேர் இல்லையென்றால், ஒருவரை ஒருவர் எப்படித்தான் கண்டுபிடிக்கிறீர்கள்?"

"சத்தம் போட்டுக் கூப்பிடுவோம்" என்றேன். அதை அவர் பதிவு செய்துகொள்ளவில்லை.

அன்றிலிருந்து வங்கியில், வீட்டுக் கதவில், சம்பளச் சீட்டில், பல் வைத்தியர் அட்டையில் நான் ஒச்சப்பன். கல்யாணமாகி ராஜேஸ்வரி வந்ததும் அவளும் திருமதி ஒச்சப்பன் ஆனாள். அதாவது காகிதக் கணக்குப்படி அவளுக்கு வாய்த்தது என் அப்பா. அவளுக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

"மாமனார் பேர வாயால சொல்லக் கூடாதுன்னு எங்கம்மா வளத்துச்சு. இங்க மருந்துக்கடைக்குப் போனா எழுத்துக் கூட்டிச் சொல்ல வேண்டியிருக்கு. அதுவும் சத்தமா. ஊருக்குப் போனா நான் மாமா மூஞ்சிய எப்படிப் பாப்பேன்?"

3

என் வேலை என்ன என்று ஊரில் கேட்டவர்களுக்கெல்லாம் ஐயா ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

"மாட்டாஸ்பத்திரியில சினை ஊசிக்குப் பொக வர்ற கேன் ஒண்ணு வச்சிருப்பாய்ங்கள்ல? அதே கேனுதான். உள்ள இருக்குறதுதான் வேற."

உண்மையில் இது சரியான விளக்கம். கேனில் இருப்பது திரவ நைட்ரஜன். எனக்கு ஜெர்மனியில் பசு மாட்டுக்குச் சினை ஊசி போடும் உத்தியோகம் என்று உசிலம்பட்டிச் சந்தையில் பரவியதற்கும் இந்த விளக்கம்தான் காரணம். இரண்டு பேர் தங்கள் பையன்களுக்கும் அதே வேலையை ஏற்பாடு செய்யச் சொல்லி ஆள் அனுப்பினார்கள்.

நான் செய்தது இதுதான். வைரஸ் கலந்த தண்ணீரை, மூக்குத்தி அளவே உள்ள ஒரு செப்பு வலையில் ஒரு பொட்டு வைப்பேன். வடிதாளால் ஒற்றி, உபரித் தண்ணீரை எடுப்பேன். மிஞ்சுகிற மெல்லிய ஏட்டை, நைட்ரஜனில் குளிரவைத்த ஈத்தேன் திரவத்தில் சடக்கென்று முக்குவேன். தண்ணீர் பனிக்கட்டியாக மாறக்கூட நேரமில்லாமல் கண்ணாடிபோல உறைந்துவிடும். உள்ளே வைரஸ் இருந்தபடியே இருக்கும். அதை எலக்ட்ரான் மைக்ராஸ்கோப்பில் வைத்துப் படம் எடுப்போம். ஒற்றுவது கூடினால் வைரஸ் காய்ந்துவிடும், குறைந்தால் தண்ணீர் தடித்து ஒன்றும் தெரியாது. மூச்சு விட்டால் அந்த ஈரமே வலைமேல் பூம்பனியாகப் படியும். ஆகவே நான் சம்பளம் வாங்கியது பெரும்பாலும் மூச்சை அடக்கியதற்குத்தான்.

எங்கள் பேராசிரியர் நல்ல மனிதர். பிறந்த நாளுக்குக் கேக் வெட்டுவார். ஊழியர்களின் பிள்ளைகள் பேரை நினைவு வைத்திருப்பார். ஒரு நாள் நான் ஒற்றி முடித்தபோது தொலைபேசி மணி அடிக்க, அவர் கையைக் காட்டி நிறுத்தச் சொன்னார். பேசி முடித்ததும் "இப்போது முக்குங்கள்" என்றார். அந்த வலையில் எடுத்த படங்களில் வைரஸின் ஓட்டில் அங்கங்கே சிறு இடைவெளிகள் தெரிந்தன.

"கதவு!" என்றார் பேராசிரியர். "வைரஸ் கதவைத் திறக்கிறது!"

அதற்குப் பிறகு ஒற்றியதும் கொஞ்சம் காத்திருந்து முக்குவது எங்கள் ஆய்வுக்கூடத்தின் சட்டமாயிற்று. காத்திருந்தால் கதவு திறந்தது. காத்திருக்காவிட்டால் மூடியிருந்தது.

எனக்கு அது உறுத்தியது. குளிர்காலத்தில் அந்தக் கட்டடத்தில் சூடேற்றி ஓடும். சித்திரை மாசத்து உசிலம்பட்டி மாதிரி உதடு வெடிக்கும் வறட்சி. அந்தக் காற்றில் மெல்லிய தண்ணீர் ஏடு காத்திருந்தால் என்ன ஆகும்? தண்ணீர் ஆவியாகும், உப்பு மிஞ்சும், உப்பு ஏறினால் வைரஸின் ஓடு விட்டுப்போகும்.

"கோடையில் சன்னல் திறந்திருந்தபோது எடுத்த படங்களில், காத்திருந்தும் கதவு திறக்கவில்லையே?" என்று கேட்டேன்.

"கோடையில் உங்களுக்கு இன்னும் கை பழகவில்லை" என்றார்.

4

கூடத்தில் ஈரம் வேண்டும். ஈரத்துக்கு ஆவி வேண்டும். ஆவிக்கு ஒரு மின்சாரக் கெட்டில் போதும் என்று எனக்குத் தோன்றியது. கெட்டில் கேட்டு விண்ணப்பம் கொடுத்தேன். பாதுகாப்பு அலுவலகத்திலிருந்து பதில் வந்தது: கெட்டில் சமையல் சாதனம், ஆய்வுக்கூடத்தில் சமைக்கவும் குடிக்கவும் தடை உண்டு. நான் குடிக்கப்போவதில்லை என்று எழுதினேன். குடிக்காதவருக்குக் கெட்டில் தேவையில்லை என்று பதில் வந்தது.

சரி, நேரில் பேசிப் பார்க்கலாம் என்று நிர்வாகச் செயலாளரான அம்மாளிடம் போனேன். ஜெர்மனில் புழுக்கத்துக்கு ஒரு சொல் உண்டு. உதட்டை 'ஊ'வுக்குக் குவித்துக்கொண்டு 'ஈ' சொல்ல வேண்டும். வெறும் 'ஊ' என்று சொன்னால் அது ஆணை விரும்பும் ஆணைக் குறிக்கும். எனக்கு இது அப்போது தெரியாது.

"அந்தக் கூடம் கண்டிப்பாக அப்படி இருக்க வேண்டும்" என்று வெறும் 'ஊ'வோடு உறுதியாகச் சொன்னேன். "எங்கள் ஊர்ப்பக்கம் மழைக்கு முன்னால் எல்லாமே அப்படித்தான் இருக்கும். அப்போதுதான் நான் நன்றாக வேலை செய்வேன்."

 அந்த அம்மாள் எழுந்து கதவைச் சாத்திவிட்டு, மிகவும் அன்பான குரலில், "அது உங்கள் சொந்த விஷயம், திரு. ஓஹாப்பன். எங்கள் நிறுவனத்துக்கு அதில் எந்த ஆட்சேபமும் இல்லை" என்றார். அடுத்த கிறிஸ்துமஸ் விருந்தில் அவர் ராஜேஸ்வரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஆறுதல் சொன்னபோதுதான் எனக்கு விஷயம் விளங்கியது. கெட்டில் கிடைக்கவே இல்லை.

5

கட்டுரை பெரிய பத்திரிகையில் வந்தது. பேராசிரியர் தொலைக்காட்சியில் வந்து இரண்டு கையாலும் கதவு திறந்து காட்டினார். விஞ்ஞான உலகத்தில் வேலை செய்தவன் பேர் முதலிலும், பெரியவர் பேர் கடைசியிலும் வரும். கடைசிதான் கௌரவமான இடம். ஆனால் கட்டுரையைக் குறிப்பிடுவது முதல் பேரை வைத்துத்தான். ஆகவே அது உலகம் முழுக்க 'ஒச்சப்பனும் மற்றவர்களும்' என்று வழங்கியது. சத்தியமாகச் சொல்கிறேன், எனக்கும் தலை கொஞ்சம் கனத்தது. பிரதி ஒன்றை ஊருக்கு அனுப்பினேன். கொஞ்ச நாளில் ஐயா போன் செய்தார்.

"எப்பா தவமணி, உசிலம்பட்டி பூராம் போஸ்டர் ஒட்டிருக்காய்ங்க."

"என்ன போஸ்டர்?"

"'வைரஸின் கதவைத் திறந்த விஞ்ஞானி ஒச்சப்பன்'னு. என் போட்டோ போட்டு. வாக்காளர் அட்டைக்குப் பிடிச்சாய்ங்கள்ல, அந்தப் போட்டோ."

"ஐயா! எழுதினது நான்தான்னு நீங்க சொல்லலையா?"

"சொன்னேன். கேட்டாத்தான? அச்சுல எம் பேருதான இருக்குங்குறாய்ங்க."

குரலில் வருத்தம் தெரிகிறதா என்று கவனித்தேன். தெரியவில்லை.

ஊர் நலச் சங்கத்தார் விழா எடுத்துச் சால்வை போர்த்தினார்கள். ஐயா மைக்கைப் பிடித்து "ஏதோ நம்மளால முடிஞ்சது" என்று மட்டும் சொல்லி உட்கார்ந்துவிட்டாராம். அந்த அடக்கத்தைப் பற்றி ஊரே பேசியது. அதற்கப்புறம் மாட்டுக்குக் கோமாரி வந்தால் ஆட்கள் மருத்துவரிடம் போகும் வழியில் எங்கள் வீட்டில் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுப் போனார்கள். அதுவும் வைரஸ்தானே. ஐயா யாரையும் ஏமாற்றவில்லை, ஊசி போடச் சொல்லித்தான் அனுப்பினார். முன்பும் அதைத்தான் சொல்லியிருப்பார். முன்பு யாரும் கேட்டதில்லை, அவ்வளவுதான்.

6

சில வருஷம் கழித்து வேறு ஒரு நாட்டில், வேறு ஒரு கூடத்தில், ஈரக்காற்றுப் பெட்டி ஒன்றைச் செய்து அதற்குள் எங்கள் சோதனையைத் திரும்பச் செய்தார்கள். எவ்வளவு காத்திருந்தாலும் கதவு திறக்கவில்லை. ஈரத்தை எடுத்ததும் திறந்தது. 'ஒச்சப்பனும் மற்றவர்களும் கண்டது காய்ந்துபோன வைரஸ்' என்று எழுதிவிட்டார்கள்.

பேராசிரியர் என்னை அறைக்குக் கூப்பிட்டார். மேசையில் இரண்டு தாள் இருந்தன. ஒன்று பத்திரிகைக்கு அனுப்ப வேண்டிய திருத்தம். இன்னொன்று என் வேலை நீட்டிப்பு. திருத்தத்தில் இப்படி இருந்தது: 'முதல் ஆசிரியர் ஒச்சப்பன் மாதிரிகளைத் தயாரித்தபோது நேர்ந்த கவனக்குறைவால் இந்தத் தவறு ஏற்பட்டது. மற்ற ஆசிரியர்கள் வருந்துகிறார்கள்.'

"ஆசிரியர்கள் எல்லோரும் கையெழுத்துப் போட வேண்டும். உங்களிடமிருந்து ஆரம்பிக்கலாம்" என்றார். மற்றத் தாளைப் பற்றி அவர் பேசவில்லை. அதன்மேல் ஒரு பேனாவை மட்டும் வைத்திருந்தார்.

நீட்டிப்பு இல்லையென்றால் விசா இல்லை. ராஜேஸ்வரி அப்போதுதான் ஒரு முதியோர் இல்லத்தில் வேலைக்குச் சேர்ந்திருந்தாள். மகன் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்திருந்தான். கை பேனா வரைக்கும் போனது. தாளில் அந்தப் பேரைப் பார்த்தேன். கவனக்குறைவு, ஒச்சப்பன். பக்கத்தில் பக்கத்தில்.

"இதில் நான் கையெழுத்துப் போட முடியாது" என்றேன்.

"ஏன்?"

"இது என் அப்பா பேர். என் பேர் தவமணி. என்னைப் பற்றி எது வேண்டுமானாலும் எழுதுங்கள், அதைப் பேசித் தீர்த்துக்கொள்வோம். என் அப்பா வாழ்க்கையில் ஒரு தடவைகூட ஈத்தேனைத் தொட்டதில்லை."

அவர் சிரித்தார். நான் சிரிக்கவில்லை.

"உங்கள் அலுவலகக் கணக்குப்படி ஆசிரியர் ஒச்சப்பன். அவரை நான் கேட்க வேண்டும். அவர் இந்தியாவில் இருக்கிறார்."

தைரியத்தில் சொன்னதல்ல, நாலு நாள் அவகாசம் கிடைக்குமே என்று சொன்னது. ஆனால் சொன்னபடி ஒரு பிரதி எடுத்து, உசிலம்பட்டியில் எஸ்.டி.டி. பூத்தோடு ஃபேக்ஸ் வைத்திருந்த கடைக்கு அனுப்பினேன். ஐயா விழுந்து விழுந்து சிரிப்பார் என்று நினைத்தேன். அவருக்கு வருத்தமாக இருக்கும் என்று தோன்றவே இல்லை.

7

ஞாயிற்றுக்கிழமை போன் செய்தேன். ஐயா குரல் ஒரு மாதிரி இருந்தது.

"சுப்புராம் சார்ட்ட குடுத்து வாசிச்சுக் கேட்டேன்" என்றார். சுப்புராம் சார் எங்கள் பள்ளியில் இங்கிலீஷ் சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்ற, மதுரைச் சௌராஷ்டிரக்காரர். "அவரு ரெண்டு தடவ வாசிச்சாரு. ரெண்டாந்தடவ வாசிக்கையில அவருக்கே நாக்குத் தட்டுச்சு. கவனக்குறைவுன்னு போட்டிருக்காமுல்ல?"

"ஆமாய்யா."

"நான் மாட்டுக்குத் தண்ணி காட்டாம ஒரு நாள் படுத்திருக்கேனாடா?"

"இல்லய்யா."

"சரி, வெவரமாச் சொல்லு. காத்திருந்து முக்குன்னு சொன்னது யாரு?"

"பேராசிரியர்."

"காஞ்சு போகும், தப்பாகும்னு நீ சொன்னியா?"

"கேட்டேன். கை பழகலன்னுட்டாரு."

"ஆவி பிடிக்கக் கெட்டில் கேட்டியே, அத இல்லன்னது?"

"ஆபீஸ்."

"அப்ப இதுல நான் என்ன செஞ்சேன்?"

எனக்குச் சிரிப்பு வந்தது. "நீங்க ஒண்ணும் செய்யலய்யா" என்றேன்.

"சிரிக்காத. கதவு தொறந்துச்சுன்னு சொல்றப்ப அம்புட்டுப் பேரும் பேரப் போட்டீக. டிவியில போயி கையை விரிச்சுக் காட்டுனது அந்தப் பெரிய மனுசன். தொறக்கலன்னு சொல்றதுக்கு மட்டும் நான் ஒருத்தன்தானா? மத்தவுக வருத்தப்படுறாகளாம். எதுக்கு வருத்தப்படுறாக? என்னயப் பாத்தா?"

அவர் நிறுத்தவில்லை.

"பழைய போஸ்டரக் கிழிக்கணும்னாக் கிழிச்சுக்கிருவோம். அதுல எனக்கு ஒண்ணும் இல்ல. நான் தொறக்கலன்னு எனக்குத் தெரியாதா? ஆனா எல்லாரும் சேந்து தப்புப் பண்ணோம்னு எழுதச் சொல்லு. அப்படி எழுதுனா நான் கையெழுத்துப் போடுறேன். இல்லன்னாப் போட மாட்டேன். இத அந்தாள்ட்ட இப்படியே சொல்லு."

"வேலை போகும்யா."



"அது உன் இஷ்டம்ப்பா" என்றார். "உம் பேருல நீ என்ன வேணாலும் போட்டுக் குடு. எம் பேரு எனக்கு வேணும்."

8

திங்கட்கிழமை பேராசிரியரிடம் போய், ஐயா சொன்னதை ஒரு வரி விடாமல் ஜெர்மனில் சொன்னேன். இந்தத் தடவை 'ஈ' வர வேண்டிய இடத்தில் 'ஈ' வந்தது. 'அவர்கள் எதற்கு வருந்துகிறார்கள், என்னைப் பார்த்தா?' என்ற இடம் வந்தபோது அவர் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார். முதல் ஆசிரியர் கையெழுத்தில்லாமல் பத்திரிகை எதையும் போடாது. அந்த வாரம் முழுக்க ஒருவர் பின் ஒருவராக வந்து என்னிடம் நயமாகப் பேசினார்கள். நான் எல்லோருக்கும் ஒரே பதிலைத்தான் சொன்னேன்: முடிவு உசிலம்பட்டியில் இருக்கிறது.

கடைசியில் திருத்தம் இப்படி வந்தது: 'உறைய வைப்பதற்கு முன் காத்திருக்க நாங்கள் முடிவு செய்ததால் மாதிரிகள் காய்ந்துபோயின. இது எங்கள் அனைவரின் தவறு.' கீழே எல்லோர் பேரும் இருந்தன. என் மகன் பார்த்தது அதைத்தான். முதல் பேரை மட்டும் படித்துவிட்டு வந்திருக்கிறான்.

யாரும் என்னைத் தண்டிக்கவில்லை. இந்த நாட்டில் தண்டிக்க மாட்டார்கள், வேலைக்கான நிதி தீர்ந்துவிடும். எனக்கு நிதி தீர்ந்தது. பிரிவு விருந்தில் பேராசிரியர் தன் கையாலேயே கேக் வெட்டிக் கொடுத்து, "உங்களைப் போல ஒற்றத் தெரிந்தவர் எங்களுக்குக் கிடைக்க மாட்டார்" என்றார். மெய்யாகவே கண் கலங்கினார். நான் விலகிய மாதமே அந்த வேலையைச் செய்கிற ஒரு இயந்திரத்தை வாங்கினார்கள். ஈரக்காற்றுப் பெட்டியோடு.

ராஜேஸ்வரி சம்பளத்தில் வீடு ஓடியது. மாமனார் பேரை எழுத்துக் கூட்டிச் சொல்லி அவளே விசா அலுவலகத்தில் நின்றாள். எனக்கு வேறு ஊரில், ஒரு ஆஸ்பத்திரியின் திசுப் பரிசோதனைக் கூடத்தில், நேர்முகத் தேர்வுக்கு அழைப்பு வந்தது. கிளம்புவதற்கு முதல் நாள் ஐயாவுக்குப் போன் செய்து விஷயத்தைச் சொன்னேன்.

"வேலை போச்சுன்னு ஏன் உடனே சொல்லல?" என்றார்.

"வேற கிடைச்சதும் சொல்லலாம்னு இருந்தேன்."

"என்னாலதான போச்சு?"

"இல்லய்யா. கதவு தொறக்காததால போச்சு."

அவர் சிரிப்பார் என்று காத்திருந்தேன். சிரிக்கவில்லை. பின்னால் மாடு ஒன்று கத்தியது. அதை அதட்டிவிட்டுத் திரும்பி வந்தார்.

"எப்பா, இந்தத் தடவ உம் பேரையே குடு" என்றார். "எனக்கு அந்த உத்தியோகம் ஒத்துவரல."